கார உலோக ஆவியைப் பல ஃபோட்டான்களால் அயனியாக்குதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒளியின் ஆற்றல் துகள்களான ஃபோட்டான்கள் பலவற்றைச் சேர்த்து ஓர் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிரிப்பதே இங்கே பேசப்படும் அயனியாக்கம். லேசரையும் ஆவிக் கலத்தையும் வைத்து வேலை செய்யத் தொடங்கும் முதுநிலை மாணவர்களிடமிருந்து ஆண்டுதோறும் ஏறத்தாழ அதே ஐயங்கள்தாம் வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே எடுத்து, எளியதில் தொடங்கிச் சிக்கலானது வரை வரிசைப்படுத்தியிருக்கிறேன். பெரும்பாலான எடுத்துக்காட்டுகளுக்கு ருபிடியத்தையே எடுத்துக்கொண்டேன். இத்துறையின் மிகப் பெரிய சோதனை ஒன்று அந்த உலோகத்தில்தான் நடந்தது என்பது ஒரு காரணம். அதன் ஆற்றல் நிலைகள் இந்தப் பாடத்துக்கென்றே அடுக்கி வைத்தாற்போல அமைந்திருப்பது மற்றொரு காரணம்.

1. ஒரு ஃபோட்டானின் ஆற்றல் போதவில்லை என்றால் எவ்வளவு ஒளியைக் கொட்டினாலும் எலக்ட்ரான் வெளிவராது என்றுதானே பள்ளியில் படித்தோம்?

படித்தது சரிதான், ஆனால் அது மெல்லிய ஒளிக்குரிய விதி. விளக்கொளியிலும் சூரிய ஒளியிலும், ஓர் அணு ஒரு ஃபோட்டானைச் சந்தித்த அதே கணத்தில் இரண்டாவது ஃபோட்டானையும் சந்திக்கும் வாய்ப்பு அறவே புறக்கணிக்கத்தக்கது. ஆகவே ஒவ்வொரு ஃபோட்டானும் தனித்தனியாகவே கணக்கில் வருகிறது.

ஒரே நிகழ்வில் இரண்டு ஃபோட்டான்கள் உட்கவரப்படலாம் என்பதை மரியா கோப்பெர்ட்-மேயர் 1931-இல் கோட்பாட்டளவில் காட்டினார். அதைச் சோதிக்கப் போதுமான செறிவுள்ள ஒளி 1960-இல் லேசர் பிறந்த பிறகே கிடைத்தது. 1961-இல் கைசரும் காரெட்டும் ஒரு படிகத்தில் இதைக் கண்டனர். அடுத்த ஆண்டே ஐசக் அபெல்லா, ரூபி லேசரின் ஒளியைக் கொண்டு சீசியம் ஆவியில் இரு ஃபோட்டான் உட்கவர்தலைக் காட்டினார். கார உலோக ஆவி இந்தத் துறையின் தொடக்கத்திலிருந்தே உடன் வருகிறது என்பதை மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

2. ஏன் எல்லாரும் கார உலோகங்களையே எடுக்கிறார்கள்? ஆர்கான், செனான் போன்ற வாயுக்களைக் கையாள்வது எளிதல்லவா?

கையாள எளிதுதான், அயனியாக்குவது கடினம். செனானின் அயனியாக்க ஆற்றல் 12.13 எலக்ட்ரான் வோல்ட், ஆர்கானுடையது 15.76. கார உலோகங்களிலோ சீசியத்துக்கு 3.89, ருபிடியத்துக்கு 4.18, பொட்டாசியத்துக்கு 4.34, சோடியத்துக்கு 5.14, லித்தியத்துக்கு 5.39 எலக்ட்ரான் வோல்ட் போதும். நிறைந்த கூட்டுக்கு வெளியே ஒற்றை எலக்ட்ரான் மட்டும் தளர்வாக இருப்பதே இதற்குக் காரணம்.

அந்த ஒற்றை எலக்ட்ரானால் வேறொரு நன்மையும் உண்டு. ஆற்றல் நிலைகள் ஹைட்ரஜனுடையவற்றைப் போல எளிமையாக இருப்பதால் கோட்பாட்டுக் கணக்கையும் சோதனையையும் நேருக்கு நேர் வைத்து ஒப்பிட முடிகிறது. முதல் கிளர்வு நிலைகளுக்கான அலைநீளங்களும் (சோடியத்துக்கு 589, லித்தியத்துக்கு 671, ருபிடியத்துக்கு 780, 795, சீசியத்துக்கு 852, 894 நானோமீட்டர்) நல்ல லேசர்கள் கிடைக்கும் பகுதியிலேயே விழுகின்றன.

3. எத்தனை ஃபோட்டான் தேவை என்று எப்படிக் கணக்கிடுவது?

நானோமீட்டரில் உள்ள அலைநீளத்தால் 1240-ஐ வகுத்தால் ஒரு ஃபோட்டானின் ஆற்றல் எலக்ட்ரான் வோல்ட்டில் கிடைக்கும். 780 நானோமீட்டருக்கு அது 1.59. ருபிடியத்துக்கு வேண்டியது 4.18; இரண்டு ஃபோட்டான்கள் 3.18 மட்டுமே தரும், மூன்று சேர்ந்தால் 4.77 ஆகும். ஆகவே இது மூன்று ஃபோட்டான் அயனியாக்கம். மிஞ்சும் 0.59 எலக்ட்ரான் வோல்ட்டை வெளியேறும் எலக்ட்ரான் இயக்க ஆற்றலாக எடுத்துச் செல்கிறது.

அதே கணக்கில், சோடியத்துக்கு 532 நானோமீட்டர் ஒளியில் மூன்று ஃபோட்டான்களும் 1064 நானோமீட்டரில் ஐந்தும் தேவைப்படும். 193 நானோமீட்டர் புற ஊதா லேசரின் ஒரு ஃபோட்டானே 6.4 எலக்ட்ரான் வோல்ட் என்பதால் லித்தியத்துக்கு ஒன்றே போதும். அது பல ஃபோட்டான் நிகழ்வே அன்று. இந்த எண்ணிக்கை எது இயலும், எது இயலாது என்பதை மட்டுமே சொல்லும். எவ்வளவு அயனிகள் கிடைக்கும் என்பதை அது சொல்லாது. அடுத்து வரும் கேள்விகள் பலவும் அந்த இடைவெளியிலிருந்தே எழுகின்றன.

4. அந்த மூன்று ஃபோட்டான்களும் ஒரே நேரத்தில் வர வேண்டுமா, ஒன்றன்பின் ஒன்றாக வந்தால் போதுமா?

இடையில் உண்மையான ஆற்றல் நிலை இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. முதல் ஃபோட்டானை வாங்கிய அணு நிற்பதற்கு அங்கே நிலை எதுவும் இல்லையென்றால், அது ஒரு மாய நிலையில் இருப்பதாகச் சொல்கிறோம். அருகிலுள்ள உண்மையான நிலையிலிருந்து 1 எலக்ட்ரான் வோல்ட் விலகியிருந்தால் அந்த மாய நிலையின் ஆயுள் ஒரு ஃபெம்டோ வினாடிக்கும் (10⁻¹⁵ வினாடி) குறைவு, ஏறத்தாழ 0.66 ஃபெம்டோ வினாடி. அதற்குள் அடுத்த ஃபோட்டான் வந்தாக வேண்டும். நடைமுறையில் இதை ‘ஒரே நேரம்’ என்றே கொள்ளலாம்.

உண்மையான நிலை இருந்தால் கதை முற்றிலும் வேறு. ருபிடியத்தின் முதல் கிளர்வு நிலையான 5பி ஏறத்தாழ 26 நானோ வினாடிகள் நிலைக்கிறது. மாய நிலையின் ஆயுளைவிட இது கோடிக்கணக்கான மடங்கு நீண்டது. அந்த நேரம் முழுவதும் அணு அடுத்த ஃபோட்டானுக்காகக் காத்திருக்க முடியும். ஃபோட்டானின் ஆற்றல் இப்படி ஓர் உண்மையான நிலைக்குப் பொருந்துவதே ஒத்ததிர்வு; இதையே ஒத்ததிர்வால் பெருகும் பல ஃபோட்டான் அயனியாக்கம் என்கிறோம்.

5. அப்படியானால் 780 நானோமீட்டரில் ருபிடியம் எந்த வகை?

படிகளில் ஏறும் வகை. அடிநிலையான 5எஸ்-இலிருந்து 5பி-க்கு 780.24 நானோமீட்டர், அங்கிருந்து 5டி-க்கு 775.98 நானோமீட்டர். இரண்டு படிகளும் ஏறத்தாழ ஒரே உயரம் என்பது இயற்கை தந்த வாய்ப்பு. 5டி நிலையிலிருந்து அயனியாக்க எல்லைக்கு ஏறத்தாழ 1 எலக்ட்ரான் வோல்ட் தொலைவே மிஞ்சுகிறது, 1.59 எலக்ட்ரான் வோல்ட் ஃபோட்டான் அதை எளிதாகக் கடக்கும்.

இரண்டு படிகளுக்கும் இடையே 4 நானோமீட்டர் வேறுபாடு இருக்கிறதே, ஒரே லேசர் இரண்டையும் எப்படித் தொடும் என்று சிலர் கேட்பார்கள். லேசர் ஒளி குறுகிய துடிப்பாக வருகிறது; அந்தத் துடிப்பு நேரத்தில் குறுகக் குறுக அதன் நிறமாலை அகலும். 120 ஃபெம்டோ வினாடித் துடிப்பின் அகலம் 780 நானோமீட்டர் அருகே குறைந்தது 7 நானோமீட்டர் இருக்கும். இரண்டு படிகளும் அதற்குள்ளேயே அடங்கிவிடும்.

6. ஏன் ஃபெம்டோ வினாடி லேசர்? நானோ வினாடி லேசரில் ஆற்றல் அதிகம் கிடைக்குமே?

வீதத்தைத் தீர்மானிப்பது ஆற்றல் அன்று, செறிவு (ஓர் அலகுப் பரப்பில் ஒரு வினாடியில் விழும் ஆற்றல்). இடைநிலைகள் எதுவும் குறுக்கிடாத மூன்று ஃபோட்டான் நிகழ்வின் வீதம், செறிவின் மூன்றாம் அடுக்குக்கு நேர் விகிதத்தில் இருக்கும். 100 மில்லி ஜூல் ஆற்றலை 1 மில்லிமீட்டர் ஆரமுள்ள கற்றையில் 120 ஃபெம்டோ வினாடியில் செலுத்தினால் செறிவு சுமார் 2.6 × 10¹³ வாட்/செ.மீ². அதே ஆற்றலை 10 நானோ வினாடியில் செலுத்தினால் சுமார் 3 × 10⁸. செறிவு 80,000 மடங்குக்கு மேல் குறைகிறது. மூன்றாம் அடுக்கில் அது எவ்வளவு பெரிய வீழ்ச்சி என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள். நானோ வினாடித் துடிப்பு நீண்ட நேரம் நீடிப்பது இந்த இழப்பின் ஒரு சிறு பகுதியைத்தான் ஈடுசெய்யும்.

இன்னொரு நன்மை தூய்மை. நானோ வினாடிகளில் அணுக்களும் எலக்ட்ரான்களும் மோதிக்கொள்ள நேரம் கிடைக்கிறது. ஃபெம்டோ வினாடிகளில், நாம் பயன்படுத்தும் அடர்த்திகளில், மோதல் எதுவும் நடப்பதற்குள் துடிப்பு கடந்துவிடும். எனவே காணும் அயனிகள் ஒளியாலேயே பிறந்தவை என்று துணிந்து சொல்லலாம்.

7. ஆனால் வலுக்குறைந்த லேசரிலேயே என் கலத்தில் அயனிகள் தெரிகின்றனவே. பல ஃபோட்டான் நிகழ்வு நடக்கிறதா?

நடக்கலாம், ஆனால் மோதல்களை முதலில் ஐயுறுங்கள். ஒத்ததிர்வு அலைநீளத்தில் அடர்ந்த ஆவியை ஒளியூட்டினால் பெரும் எண்ணிக்கையில் கிளர்வுற்ற அணுக்கள் உருவாகின்றன. இரண்டு கிளர்வுற்ற சோடியம் அணுக்கள் மோதும்போது அவற்றின் ஆற்றல் ஒன்றுசேர்ந்து, ஒரு மூலக்கூறு அயனியும் எலக்ட்ரானும் பிறக்கலாம். இரண்டு கிளர்வுற்ற அணுக்களில் ஒன்று தன் ஆற்றலை மற்றதற்குக் கொடுத்து அதை மேல்நிலைக்கு ஏற்றுவதும் உண்டு.

இதன் வலிமையைக் குறைவாக எண்ணக் கூடாது. 1976-இல் லூக்கடார்ட்டோவும் மெக்கில்ரத்தும் சோடியத்தின் ஒத்ததிர்வு அலைநீளத்தில் ஏறத்தாழ ஒரு மெகாவாட் சாய லேசரைச் செலுத்தி, ஆவித் தம்பத்தை ஏறக்குறைய முழுமையாக அயனியாக்கினர். அங்கே கிளர்வுற்ற அணுக்களோடு மோதிய எலக்ட்ரான்கள் அவற்றிடமிருந்து ஆற்றலைப் பெற்றுச் சூடாகி, மேலும் அயனியாக்கின என்பதே ஏற்கப்பட்ட விளக்கம். வேறுபடுத்திக் காண எளிய வழி, ஆவியின் அடர்த்தியை மாற்றிப் பார்ப்பது. ஒளியால் மட்டும் அயனியாக்கம் நடந்தால் அயனிகளின் எண்ணிக்கை அடர்த்திக்கு நேர் விகிதத்தில் மாறும். இரு அணுக்களின் மோதல் காரணமானால் அடர்த்தியின் இருமடிக்கு ஏற்ப மாறும்.

8. மூன்று ஃபோட்டான் என்றால், செறிவுக்கு எதிராக அயனிகளின் எண்ணிக்கையை வரைந்த மடக்கை வரைபடத்தின் சரிவு 3 வர வேண்டும். எனக்கு 1.6 வருகிறது. என் சோதனை தவறா?

பெரும்பாலும் தவறாக இராது. இந்த ஒரு கேள்விக்காகவே பல மாணவர்கள் வாரக்கணக்கில் கருவிகளைக் கழற்றி மாட்டியதைப் பார்த்திருக்கிறேன். சரிவு 3 என்பது, வீதம் சிறியதாகவும் இடைநிலைகள் எதுவும் குறுக்கிடாமலும் இருக்கும்போது மட்டுமே பொருந்தும் எல்லை.

முதலில் தெவிட்டு நிலையைக் கவனியுங்கள். குவியத்தின் நடுவில் உள்ள அணுக்கள் அனைத்தும் அயனியாகிவிட்ட பிறகு, செறிவைக் கூட்டினால் அங்கே கூடுதலாக எதுவும் கிடைக்காது. விளிம்பில் உள்ள, இதுவரை தொடப்படாத பகுதிகள் மட்டுமே புதிதாகச் சேரும். நடுவில் செறிந்து விளிம்பை நோக்கி மங்கும் காஸியன் கற்றையைக் கூர்மையாகக் குவித்தால், அந்தக் கனஅளவு செறிவின் 3/2 அடுக்கில் வளர்கிறது. எனவே 1.5-ஐ ஒட்டிய சரிவைக் கண்டால், பெரும்பாலும் நீங்கள் கற்றையின் கனஅளவைத்தான் அளந்திருக்கிறீர்கள்.

அடுத்தது ஒத்ததிர்வு. ஐந்தாம் கேள்வியில் சொன்ன படிகளில் முதல் இரண்டும் தெவிட்டிவிட்டால், கடைசிப் படி மட்டுமே செறிவைச் சார்ந்திருக்கும். சரிவு 1-ஐ நெருங்கும். ஆகவே துடிப்பின் நீளத்தை மாற்றாமல், வடிகட்டிகளால் ஆற்றலை நூறு மடங்காவது குறைத்து, அந்தத் தாழ்ந்த பகுதியில் சரிவை மறுபடி அளந்து பாருங்கள். பிறகு ஒத்ததிர்விலிருந்து அலைநீளத்தை நன்கு விலக்கியும் அளவிடுங்கள். இவ்விரண்டும் செய்த பிறகும் 3-ஐ நெருங்காவிட்டால் அப்போது கருவியைச் சந்தேகிக்கலாம்.

9. இது சுரங்க அயனியாக்கம் இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும்?

சுரங்க அயனியாக்கத்தில், எலக்ட்ரானைக் கட்டி வைத்திருக்கும் ஆற்றல் அரணை வலுவான ஒளிப்புலம் வளைக்க, எலக்ட்ரான் அதை ஊடுருவி வெளியேறுகிறது. இயற்பியலாளர் கெல்டிஷ் 1964-இல் தந்த அளவுரு இரண்டையும் பிரித்தறிய உதவும். அயனியாக்க ஆற்றலை, ஒளிப்புலத்தில் அதிரும் எலக்ட்ரானின் சராசரி ஆற்றலைப் போல் இருமடங்கால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் அது கிடைக்கும். 1-ஐவிடப் பெரிதானால் பல ஃபோட்டான் எல்லை. சிறிதானால் சுரங்க எல்லை. ருபிடியத்துக்கு 780 நானோமீட்டரில், 10¹² வாட்/செ.மீ² செறிவில் இது ஏறத்தாழ 6, 10¹³-இல் 1.9. ஆகவே முதலாவது ஐயமின்றிப் பல ஃபோட்டான் வகை. இரண்டாவது எல்லைக்கோட்டை நெருங்குகிறது.

கார உலோகங்களில் இந்த அளவுருவை மட்டும் நம்பிவிடக் கூடாது. அயனியாக்க ஆற்றல் மிகவும் குறைவு என்பதால், ருபிடியத்தின் எலக்ட்ரானைக் கட்டி வைத்திருக்கும் அரணையே ஒளிப்புலம் முற்றிலும் தாழ்த்திவிடும் செறிவு ஏறத்தாழ 1.2 × 10¹² வாட்/செ.மீ² தான். அதாவது கெல்டிஷ் அளவுரு பல ஃபோட்டான் எல்லையைக் காட்டும் இடத்திலேயே அரணும் சரிந்துவிடுகிறது. அங்கே இரண்டு எளிய படங்களும் பொருந்தா. காலத்தைச் சார்ந்த ஷ்ரோடிங்கர் சமன்பாட்டை நேரடியாகத் தீர்ப்பதே நேர்மையான வழி.

10. இதற்கெல்லாம் உண்மையான பயன் என்ன?

எனக்கு மிகவும் பிடித்த பயன், ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில், பிளாஸ்மா அலைகளைக் கொண்டு எலக்ட்ரான்களை முடுக்க நடந்த அவேக் சோதனை. அங்கே 10 மீட்டர் நீளக் குழாயில் ருபிடியம் ஆவி நிரப்பப்படுகிறது. 780 நானோமீட்டர், ஏறத்தாழ 120 ஃபெம்டோ வினாடி லேசர் துடிப்பு அதன் ஊடாகச் சென்று, ஒவ்வோர் அணுவிலிருந்தும் ஓர் எலக்ட்ரானைப் பிரித்து, சுமார் 1 மில்லிமீட்டர் ஆரமுள்ள பிளாஸ்மாத் தம்பத்தை (அயனிகளும் தனித்த எலக்ட்ரான்களும் கலந்த தம்பத்தை) உருவாக்குகிறது. எஸ்பிஎஸ் முடுக்கியிலிருந்து வரும் 400 கிகா எலக்ட்ரான் வோல்ட் புரோட்டான் கற்றை அந்தப் பிளாஸ்மாவில் அலைகளை எழுப்புகிறது. 2018-இல், ஏறத்தாழ 19 மெகா எலக்ட்ரான் வோல்ட்டில் உட்செலுத்தப்பட்ட எலக்ட்ரான்கள் அந்த அலைகளில் ஏறி 2 கிகா எலக்ட்ரான் வோல்ட் வரை முடுக்கம் பெற்றன.

பல ஃபோட்டான் அயனியாக்கம் இங்கே ஏன் இன்றியமையாதது என்பதைக் கவனியுங்கள். பிளாஸ்மாவின் அடர்த்தி 10 மீட்டரும் 0.2 விழுக்காட்டுக்குள் சீராக இருக்க வேண்டும். பிளாஸ்மாவில் நேரடியாக அந்தத் துல்லியத்தை எட்டுவது மிகக் கடினம். ஆவியிலோ வெப்பநிலையைச் சீராக வைத்தாலே அடர்த்தியும் சீராகிவிடும். அந்த ஆவியை முழுமையாக ஒரு முறை அயனியாக்கினால் ஆவியின் சீர்மை அப்படியே பிளாஸ்மாவுக்கு வந்துவிடும். லேசர் துடிப்பைப் புரோட்டான் கற்றையின் நடுவில் வைப்பதால், துடிப்புக்குப் பின்னே வரும் புரோட்டான்கள் மட்டுமே பிளாஸ்மாவைச் சந்திக்கின்றன. அந்தத் திடீர் எல்லையே, நீண்ட கற்றையைச் சுமார் 1.2 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள சிறு திரள்களாகப் பிரிக்கும் நிகழ்வுக்கு வித்திடுகிறது.

வேறொரு திசையில், ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் ஹர்ஸ்ட், நய்ஃபே, யங் ஆகியோர் 1977-இல் ஒத்ததிர்வு அயனியாக்கத்தால் ஒற்றைச் சீசியம் அணுவைக் கண்டறிந்து காட்டினர்.

11. ஒத்ததிர்வில் உள்ள ஒளியை ஆவி விழுங்கிவிடாதா? அது எப்படி 10 மீட்டர் கடக்கிறது?

விழுங்கும், ஆனால் ஓர் அளவோடு நிறுத்திக்கொள்ளும். அயனியான ருபிடியத்துக்கு 780 நானோமீட்டர் அருகே எந்த நிலைமாற்றமும் இல்லை. துடிப்பின் முன்விளிம்பு அணுக்களை அயனியாக்கிவிட்டால், பின்னே வரும் பகுதிக்கு ஊடகம் சாளரக் கண்ணாடி போல ஒளிபுகுவதாகிவிடும்.

எவ்வளவு ஆற்றல் செலவாகும் என்பதைத் தாளிலேயே கணக்கிடலாம். 1 மில்லிமீட்டர் ஆரமும் 10 மீட்டர் நீளமும் கொண்ட தம்பத்தின் கனஅளவு ஏறத்தாழ 31 கன செ.மீ. அடர்த்தி கன செ.மீ.-க்கு 7 × 10¹⁴ என்றால் அணுக்கள் 2.2 × 10¹⁶. ஒவ்வொன்றுக்கும் மூன்று ஃபோட்டான்கள், அதாவது 4.77 எலக்ட்ரான் வோல்ட். மொத்தம் ஏறத்தாழ 17 மில்லி ஜூல். நூறு மில்லி ஜூல் அளவிலான துடிப்புக்கு இது தாங்கக்கூடிய செலவு. நூற்றுக்கணக்கான மீட்டர்களுக்கு இது தாங்காது. அதனால்தான் மிக நீண்ட பிளாஸ்மாக்களுக்கு மின்னிறக்கம் போன்ற வேறு வழிகள் ஆராயப்படுகின்றன.

12. செறிவு கூடினால் இரண்டாவது எலக்ட்ரானும் வந்துவிடாதா?

ருபிடியம் அயனியிலிருந்து அடுத்த எலக்ட்ரானை எடுக்க 27.3 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும்; 780 நானோமீட்டரில் 18 ஃபோட்டான்கள். முதல் எலக்ட்ரானுக்கும் இரண்டாவதுக்கும் இடையே உள்ள இந்தப் பெரும் பள்ளத்தால்தான், செறிவு பத்து மடங்கு ஏறி இறங்கினாலும் ஓர் அணுவுக்கு ஓர் எலக்ட்ரான் என்ற கணக்கு மாறாமல் நிற்கிறது.

13. ஆவியை எப்படி உருவாக்குவது? என் கலத்தின் சாளரம் கறுத்துப்போகிறது.

வெப்பநிலையே அடர்த்தி. ருபிடியம் 25 பாகை செல்சியஸில் கன செ.மீ.-க்கு ஏறத்தாழ 10¹⁰ அணுக்களையும், 100 பாகையில் 6 × 10¹² அணுக்களையும், 200 பாகையில் ஏறத்தாழ 9 × 10¹⁴ அணுக்களையும் தரும். லித்தியத்துக்கு இவற்றைவிட மிக உயர்ந்த வெப்பநிலை வேண்டும். அதற்கு விடாலும் கூப்பரும் 1969-இல் விவரித்த வெப்பக்குழாய் உலை ஏற்றது. அதில் குளிர்ந்த முனைகளில் படியும் உலோகம் உட்புற வலை வழியாக நடுப்பகுதிக்குத் திரும்புகிறது. மந்த வாயு, ஆவி சாளரத்தை அடையாமல் தடுக்கிறது.

சாளரம் கறுப்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. கலத்தின் மிகக் குளிர்ந்த இடம் சாளரமானால் உலோகம் அங்கே படியும். சாளரத்தைக் கலத்தின் மற்றப் பகுதிகளைவிடச் சில பாகை சூடாக வைத்தால் இது தீரும். சூடான கார ஆவி கண்ணாடியோடு வினைபுரிந்து நிறம் மாற்றியிருந்தால் அது திரும்பாது. நீலக்கல் சாளரத்துக்கு மாறுங்கள். உடைந்த கலத்தைத் தண்ணீரால் கழுவ ஒருபோதும் முயலாதீர்கள். 780 நானோமீட்டர் ஒளி கண்ணுக்கு மங்கலாகவே தெரியும் என்பதால், அதன் உண்மையான வலிமையைக் கண்ணால் மதிப்பிடவும் கூடாது.

14. வட்டத் தளவிளைவுள்ள ஒளி (மின்புலம் சுழன்றபடி செல்லும் ஒளி), நேர்கோட்டுத் தளவிளைவுள்ள ஒளியைவிடக் கூடுதல் அயனிகளைத் தருமா, குறைவாகத் தருமா?

ஒரு ஃபோட்டான் நிகழ்வில், அணுக்கள் எல்லாத் திசைகளிலும் சமமாக அமைந்திருந்தால், வேறுபாடு இல்லை. பல ஃபோட்டான்களில் வேறுபாடு உண்டு. வட்டத் தளவிளைவில் ஒவ்வொரு ஃபோட்டானும் கோண உந்தத்தை ஒரே திசையில் கூட்டுகிறது. எனவே எலக்ட்ரான் உயர்ந்த கோண உந்தமுள்ள ஒரே பாதையில் செல்கிறது. அந்தப் பாதை வலுவானதாக இருந்தால் வட்ட ஒளியே வெல்லும். கோட்பாட்டு உச்ச விகிதம் இரு ஃபோட்டானுக்கு 1.5, மூன்று ஃபோட்டானுக்கு 2.5. சீசியத்தை ரூபி லேசரால் மூன்று ஃபோட்டான்களில் அயனியாக்கிய 1971-ஆம் ஆண்டுச் சோதனையில் வட்ட ஒளி ஏறத்தாழ இருமடங்கு தந்தது.

ஆனால் இடையில் உள்ள நிலையைப் பார்க்காமல் முடிவு சொல்லாதீர்கள். 760 நானோமீட்டரில் ருபிடியத்தின் 5எஸ்-இலிருந்து 7எஸ்-க்கு இரு ஃபோட்டான்களால் ஏறலாம். தொடக்கமும் முடிவும் எஸ் நிலைகள் என்பதால் அங்கே கோண உந்தம் மாறக் கூடாது. ஆகவே ஒரே கற்றையில் வரும் வட்ட ஒளி அந்த ஒத்ததிர்வை முற்றிலும் அணைத்துவிடும்.

15. லேசரை மிகச் சரியாக ஒத்ததிர்வில் நிறுத்தியதும் அயனிகள் குறைந்துவிட்டன. இது எப்படி?

இதுவரை சொன்னவற்றை எல்லாம் ஒன்றாகப் பார்க்க வைக்கும் கேள்வி இது. முதலில், அடர்ந்த ஆவியில் வலுக்குறைந்த துடிப்பு உங்கள் கண்டறிவான் இருக்கும் இடத்தை அடைவதற்கு முன்பே உட்கவரப்பட்டிருக்கலாம். பதினொன்றாம் கேள்வியில் சொன்ன தெளிவடைதல், வலுவான துடிப்புக்கு மட்டுமே கிடைக்கும் சலுகை.

இரண்டாவது, வலுவான ஒளியில் ஆற்றல் நிலைகள் இருந்த இடத்தில் இருப்பதில்லை. 10¹² வாட்/செ.மீ² செறிவில் அயனியாக்க எல்லையும் அதற்கு அருகிலுள்ள உயர் நிலைகளான ரிட்பெர்க் நிலைகளும் ஏறத்தாழ 0.06 எலக்ட்ரான் வோல்ட் மேலே நகர்கின்றன. கீழ்நிலைகள் தத்தம் அளவில் பெயர்ந்தும் பிளந்தும் போகின்றன. மெல்லிய ஒளியில் அளந்த ஒத்ததிர்வு அலைநீளம் அந்தச் செறிவில் ஒத்ததிர்வே அல்லாமல் போகலாம்.

மூன்றாவது காரணத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். 5டி நிலைக்கு ஏறிய ருபிடியம் அணுக்கள் 6பி வழியாக இறங்கும்போது 420 நானோமீட்டர் நீல ஒளியை உமிழ்கின்றன. அடர்ந்த ஆவியில் இது லேசர் கற்றையின் திசையிலேயே செல்லும் ஓரியல்பான (அலைகள் ஒத்திசைந்த) நீலக் கற்றையாகவும் மாறும். அப்படி இறங்கும் ஒவ்வோர் அணுவும் மூன்றாவது ஃபோட்டானை வாங்கியிருக்க வேண்டிய அணு. கலத்தின் மறுமுனையில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, லேசரை ஒத்ததிர்வுக்குக் கொண்டுவரும்போது நீலப் புள்ளி வலுக்கிறதா என்று பாருங்கள். வலுத்தால், காணாமற்போன அயனிகளில் ஒரு பங்கு அங்கே ஒளியாகப் போய்க்கொண்டிருக்கிறது.